எம்.ஐ.ஏ.வின் ‘கலா’: உறுமி சொன்னதும் வரிகள் விட்டுவிட்டதும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: “எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ ஆல்பத்தை உண்மையான அரசியல் இசை என்று எடுத்துக்கொள்வதா, ஏழை நாடுகளின் ஒலிகளை அள்ளிக்கொண்டுபோய் லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்ற சரக்கு என்று ஒதுக்குவதா? தமிழராகக் கேட்கும்போது பெருமையும் வருகிறது, உறுத்தலும் இருக்கிறது.”

அந்தப் பெருமை, உறுத்தல் இரண்டுமே நியாயமானவை. பல வருடங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் ஆல்பம் இது. என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: ‘கலா’வின் அரசியல் தாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. வரிகளில் அரசியலைத் தேடினால் பாதி இடங்களில் கோஷம்தான் கிடைக்கும். தாளத்தைக் கவனித்தால், 2007இல் மேற்கத்திய பாப் இசையில் வேறு யாரும் செய்யத் துணியாத ஒரு காரியம் நடந்திருப்பது தெரியும். அதே சமயம் அந்தத் தாளத்தின் பரந்த மனசே இதன் பெரிய சிக்கலுக்கும் காரணம். உலகத்து ஏழைகள் எல்லோரையும் ஒரே ஊர்வலத்தில் சேர்க்கப் போய், தான் வந்த ஊரையே அது கூட்டத்தில் தொலைத்துவிடுகிறது.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எம்.ஐ.ஏ. என்பது மேடைப் பெயர். மாதங்கி (மாயா) அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் முற்றிய 1980களின் நடுவில் தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் அகதியாக லண்டன் திரும்பினார். தந்தை ஈரோஸ் என்ற ஈழப் போராளி இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய இயக்கப் பெயர் அருளர். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். இரண்டாவதற்கு வைத்த ‘கலா’ தாயின் பெயர். தந்தை இயக்கம் இயக்கம் என்று போய்விட, பிள்ளைகளை வளர்த்தவர், லண்டனில் தையல் வேலை பார்த்தவர் அந்தத் தாய்.

இந்த ஆல்பம் இப்படி உருவானதற்கு ஒரு விசா மறுப்பும் காரணம். அமெரிக்காவில் போய் டிம்பலாண்ட் போன்ற பெரிய தயாரிப்பாளரோடு வேலை செய்வது என்பதுதான் முதல் திட்டம். 2006இல் அமெரிக்கா உள்ளே விடவில்லை. அதன் பிறகு சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று அலைந்து, போன இடத்தில் கிடைத்தவர்களை வைத்துப் பதிவு செய்தார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஸ்டூடியோவையும் தொடர்புகளையும் கொடுத்து உதவினார். தயாரிப்பில் மாயாவோடு பெரும்பகுதி உழைத்தவர் சுவிட்ச் என்ற ஆங்கிலேயர். டிப்ளோ என்ற அமெரிக்கருக்குப் பங்கு சில பாட்டுகளில் மட்டும்தான்.

இனி ஒலிக்கு வருகிறேன். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். கோழிகள் கொக்கரிக்கின்றன, பிள்ளைகள் கத்துகிறார்கள், இவற்றின் மேலே ஒரு கூட்டமே சேர்ந்து அடிக்கும் உறுமி. உறுமியின் ஒரு முகத்தில் அடி விழும். இன்னொரு முகத்தில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல ஓர் உறுமல் எழும். அம்மன் கொடையில் சாமி வரவழைக்கும் ஒலி அது. சாவு வீட்டிலும் கேட்கும். மலேசியத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களோடு கடல் தாண்டிப் போய், இன்றைக்கும் அங்கே தைப்பூசத்தில் ஒலிப்பது. கச்சேரி மேடை அதற்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. தோல் கருவி அடிப்பவர்களை நம் சமூகம் எங்கே நிறுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த உறுமியை இந்தப் பாட்டில் வைத்திருக்கும் விதம்தான் முக்கியம். மேற்கத்தியப் பாட்டில் ‘கீழைத்தேய’ வாத்தியம் என்றால் பொதுவாக அது அலங்காரம். முன்னால் ஒரு சித்தார் கொஞ்சம் கொஞ்சும், பிறகு வழக்கமான டிரம் வந்து பாட்டை எடுத்துக்கொள்ளும். இங்கே அப்படி இல்லை. மேற்கத்திய டிரம் மெஷின்தான் உறுமியின் பின்னால் ஓடுகிறது. மாயாவின் குரலே பல இடங்களில் உறுமிக்கு இடம் விட்டு ஒதுங்குகிறது. ஒலியைச் சுத்தம் செய்யவும் இல்லை. இரைச்சலும் கரகரப்பும் அப்படியே இருக்கின்றன. வெளியீட்டு நிறுவனங்கள் எக்ஸ்.எல்., இன்டர்ஸ்கோப். பெரிய சந்தைக்குப் போகும் ஆல்பத்தில், கேட்பவர் காதுக்கு எது இதமாக இருக்கும் என்று பார்க்காமல் இதை முன்னால் வைத்தது ஓர் அரசியல் முடிவு. வரிகளில் ஒரு சொல்கூட இல்லாமலே, யார் பின்னால் யார் ஓட வேண்டும் என்பதை அந்தப் பாட்டு தீர்மானித்துவிடுகிறது. ஆல்பத்தின் உச்சம் இதுதான் என்பேன். ‘பேப்பர் பிளேன்ஸ்’ புகழ்பெற்ற அளவுக்கு இது பேசப்படாதது எனக்கு இன்றும் வருத்தம்.

‘பேம்பூ பாங்கா’ இன்னொரு விதம். ஆல்பத்தின் முதல் பாட்டு. அமெரிக்கக் கார்ப் பயணத்தைக் கொண்டாடும் பழைய ராக் பாட்டு ஒன்றின் வரிகளை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. அதற்குள் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ வந்து வெடிக்கிறது. 1991இல் இளையராஜா போட்ட பாட்டு, எஸ்.பி.பி.யும் யேசுதாசும் பாடியது. நண்பர்கள் இருவர் கூட்டத்தோடு ஆடும் பொங்கல் கொண்டாட்டம். அந்தக் கூட்டத்தின் உற்சாகத்தை மட்டும் பிய்த்தெடுத்து, சன்னலை ஏற்றிக்கொண்டு போகும் பெரிய ஹம்மர் காரின் கதவைத் தட்டும் பிள்ளைகளின் பாட்டாக மாற்றிவிட்டார். காருக்குள் இருப்பவனின் சுதந்திரத்தைப் பாடிய வரி, காருக்கு வெளியே நிற்பவனின் வாய்க்கு வருகிறது. சாம்பிள் எடுப்பதில், அதாவது பழைய பாட்டின் துண்டைப் புதுப் பாட்டில் வைப்பதில், இருக்கும் கெட்டிக்காரத்தனம் இது. பாட்டைத் தெரிந்த தமிழனுக்கு இரண்டு மடங்கு சிலிர்க்கும்.

ஆனால் இதே பாட்டில்தான் உறுத்தலும் தொடங்குகிறது. மாயா நாட்டுப் பெயர்களை அடுக்குகிறார்: சோமாலியா, அங்கோலா, கானா, இந்தியா, ஸ்ரீலங்கா, பர்மா. எதுகைக்கு எதுகை, தாளத்துக்குத் தாளம். ஒவ்வொரு பெயரும் அரை நொடிக்கு வந்து போகிறது. இப்போது காலத்தைப் பொருத்திப் பாருங்கள். இந்த ஆல்பம் உருவானது 2006, 2007இல். 2002இல் வந்த போர்நிறுத்தம் சிதைந்து, 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, யாழ்ப்பாணம் தரைவழியே துண்டிக்கப்பட்டிருந்த காலம். அந்த ஊரில் வளர்ந்து அகதியாகப் போன ஒருவர், தாயின் பெயரில் ஆல்பம் போடுகிறார். அதில் அந்தத் தீவுக்குக் கிடைப்பது ஒரு பட்டியலில் ஐந்தாவது இடம்.

இதைக் குற்றச்சாட்டாக வைக்கவில்லை. யாரும் இன்னதைத்தான் பாட வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ‘மூன்றாம் உலகம்’ என்று எல்லோரையும் ஒன்றாகக் கட்டும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி ஆல்பத்தில் இல்லை. சோமாலியாவின் போர் வேறு, அங்கோலாவின் போர் வேறு. கானாவிலோ அந்தச் சமயத்தில் போரே இல்லை. பட்டியலாகும்போது எல்லாம் ஒரே நிறம் ஆகிவிடுகிறது. மேற்கில் கேட்பவன் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ‘தூரத்தில் எங்கோ ஏழைகள், கோபமாக இருக்கிறார்கள்’ என்பதை மட்டும்தான். எந்த ஏழை, யார் மேல், எதற்காகக் கோபம் என்பது காணாமல் போகிறது. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு போரின் விவரம் ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்த ஊர்வலம் முழுவதற்குமே முகம் கிடைத்திருக்கும்.

ஒலியிலும் இதே கேள்வி உண்டு. ஆல்பத்தில் கேட்கும் தமிழ் ஒலி தமிழ்நாட்டு ஒலி: உறுமி, ‘தளபதி’, 2003இல் வந்த ‘ஜெயம்’ படப் பாட்டிலிருந்து ‘பேர்ட் ஃப்ளூ’வுக்கு எடுத்த துண்டு. யாழ்ப்பாணத்துத் தவில் கிடையாது. மட்டக்களப்புக் கூத்தின் மத்தளம் கிடையாது. ஈழத் தமிழரின் இசை என்று இதைக் கொண்டாடுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். என்றாலும் இதற்கு ஒரு நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகளுக்குத் தமிழ் சினிமாப் பாட்டு அந்நியப் பொருள் கிடையாது, வீட்டுப் பொருள். புலம்பெயர்ந்தவர்களின் பெட்டியில் போனது நாட்டுப்புற இசைத் தொகுப்பா, சினிமாப் பாட்டுக் கேசட்டா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். அகதிப் பிள்ளைக்கு ‘ஊர்’ என்பது அந்தக் கேசட்தான். அப்படிப் பார்த்தால் ‘ஜிம்மி’ பாட்டு ஆல்பத்துக்குள் வந்ததும் புரியும். ‘டிஸ்கோ டான்ஸர்’ என்ற 1982ஆம் ஆண்டு இந்திப் படத்துக்கு பப்பி லஹிரி போட்ட பாட்டு அது. சின்ன வயதில் விசேஷ வீடுகளில் மாயா ஆடிய பாட்டு. அதை மறுபடி பாடும்போது, இனப்படுகொலை நடக்கும் இடங்களைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் ஒருவனைப் பற்றிய பாட்டாக வரிகளை மாற்றினார். தார்ஃபூர், ருவாண்டா, காங்கோ என்ற பெயர்கள் காதல் கொஞ்சலோடு வருகின்றன. கேட்கும்போது கூசுகிறது. கூச வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று நினைக்கிறேன். ஆனால் வயலின்களும் டிஸ்கோத் துள்ளலும் அவ்வளவு இனிமையாக இருப்பதால், ஆடுகிறவர்கள் அந்தக் கூச்சத்தைத் தொடாமலே தாண்டிப் போய்விட முடியும். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போனார்கள்.

‘பாய்ஸ்’ பற்றி நிறையச் சொல்ல ஆசை. மேலோட்டமாகப் பார்த்தால் விருந்தில் ஆடும் பாட்டு. இங்கேயும் உறுமி, கூடவே கரீபியன் துள்ளல். வரிகள் பையன்களைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகின்றன: காசில்லாத பையன்கள் எத்தனை பேர் கிறுக்கர்கள், எத்தனை பேர் ரவுடிகள் என்று விளையாட்டாகப் போகும் பட்டியலின் முடிவில், எத்தனை பேர் போரைத் தொடங்குகிறார்கள் என்ற கேள்வி விழுகிறது. எந்த அழுத்தமும் இல்லாமல், அதே ராகத்தில். தாயின் பெயரைத் தாங்கிய ஆல்பம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த இடத்தைக் கேளுங்கள். தந்தை பெயரிலான முதல் ஆல்பம் போராளியின் மிடுக்கோடு பேசியது. இதில், பையன்கள் தொடங்கிய போருக்குப் பின்னால் வீட்டைச் சுமந்தவளின் பக்கத்திலிருந்து கேள்வி வருகிறது. இதை அவர் திட்டமிட்டே வைத்தாரா என்பதைவிட, பாட்டில் அது இருக்கிறது என்பது எனக்குப் போதும். ஆல்பம் முழுக்க நாடுகளைப் பட்டியலிட்டுக் கிடைக்காத கூர்மை இந்த ஒரு கேள்வியில் கிடைத்துவிடுகிறது.

துப்பாக்கி விஷயத்தில் ஆல்பம் தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்கிறது. ‘ட்வென்டி டாலர்’ லைபீரியப் பயணத்திலிருந்து வந்த பாட்டு. பதினான்கு வருட உள்நாட்டுப் போர் 2003இல் ஓய்ந்த நாடு. முன்னாள் சிறார் போராளிகளை மாயா அங்கே சந்தித்தார். ஆப்பிரிக்காவில் ஏ.கே. துப்பாக்கி இருபது டாலர், உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லாத காசு என்று பாட்டு சொல்கிறது. விலையைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டதால் அந்த வரி அடிக்கிறது. அனுதாபமும் கேட்கவில்லை, கோஷமும் போடவில்லை. அடுத்த பாட்டே ‘வேர்ல்ட் டவுன்’. அங்கே கைகளைத் தூக்கு, துப்பாக்கியை எடு என்று கூட்டத்தை ஆட வைக்கிறார்கள். நாலு நிமிடத்துக்கு முன் ஒரு சிறுவனின் கையில் கனத்த பொருள், இங்கே நடன மேடையின் சைகை ஆகிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது முரண்பாட்டைக் காட்டத்தான் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ‘வேர்ல்ட் டவுன்’ தன் துப்பாக்கியை ரசிக்கிறது. துப்பாக்கிக் கலாச்சாரம் ஒரு தலைமுறையை விழுங்கிய சமூகத்திலிருந்து வந்த காதுக்கு அது ஒப்பாது.

‘பேப்பர் பிளேன்ஸ்’ அதே பொருளைப் பல மடங்கு சாமர்த்தியமாகக் கையாள்கிறது. அடியில் ஓடுவது தி கிளாஷ் குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’, 1982இல் வந்தது, வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளையும், வந்தேறிகளை வெறுக்கும் பிரிட்டனையும் பற்றியது. அந்த அடித்தளத்தின் மேல் போலி விசா தயாரிப்பவனின் அலட்டல். பல்லவியில் பிள்ளைகளின் குரல், இடையில் வரியே இல்லாமல் துப்பாக்கிச் சத்தம், பிறகு கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம், கடைசியில் உன் பணம் என் கையில் என்ற முடிப்பு. விமான நிலையத்தில் கடவுச்சீட்டை நீட்டியதும் அதிகாரி நம் முகத்தில் எதைப் பார்க்கிறாரோ, அதையே ஒரு பாட்டாக்கித் திருப்பிக் கொடுத்தது இது. விசா மறுக்கப்பட்டவர் எழுதியது என்பதால் பொருந்தியும் நிற்கிறது. டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் பாடியபோது அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் மாற்றிப் போட்டார்கள். எம்டிவியும் அதைத்தான் செய்தது. துப்பாக்கிச் சத்தம் நிறைந்த படங்களைக் காலங்காலமாகக் காட்டிய தொலைக்காட்சிகளுக்கு, வந்தேறிப் பெண்ணின் பாட்டில் அது வந்தபோது மட்டும் சகிக்கவில்லை. பாட்டு சொல்ல வந்ததை அவர்களே நிரூபித்துக் கொடுத்தார்கள்.

அப்புறம் நடந்ததும் சேர்த்துத்தான் இந்தப் பாட்டின் கதை. ஒரு நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் வந்து பிரபலமாகி, 2008இல் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100இல் நான்காம் இடம் வரை போனது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ அதை இன்னும் பரப்பியது. யாரைப் பார்த்து அந்தப் பாட்டு பேசியதோ அவர்களே பல்லவியைக் கூடிப் பாடினார்கள், கைவிரல்களைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு. வந்தேறியைப் பற்றிய அச்சத்தைக் கிண்டல் செய்த பாட்டு, அந்த அச்சமே இல்லாதவர்களின் விருந்துப் பாட்டாகியது. இந்த விபத்துக்குப் பாட்டுக்காரரைப் பொறுப்பாக்க முடியாது. பாப் இசையாக இருக்கத் தேர்ந்தெடுத்ததற்கான விலை அது.

உரிமை, பெயர் என்ற கேள்விக்கு வருகிறேன். தி கிளாஷ் குழுவினருக்குப் பாடலாசிரியர்களாகப் பெயரும் பங்கும் கிடைத்தது. அது முறை. ஆனால் ஆல்பத்தின் முதுகெலும்பான உறுமிக் கலைஞர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அன்றைய விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வருவது டிப்ளோவின் பெயர். அதைப் பார்த்துத்தான் 2007இலேயே மாயா கொதித்தார்: என் வேலைக்கு ஏன் ஓர் ஆணைத் தேடிப் பாராட்டுகிறீர்கள் என்று நேர்காணலில் வெளிப்படையாகவே கேட்டார். அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு சரி. அதே அளவுகோலை ஒரு படி கீழே இறக்கினால், உறுமி வாசித்தவர்களும் அதையே கேட்கலாம். இந்த விஷயத்தில் ‘மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்’ ஒரு படி மேல். ஆஸ்திரேலியாவின் வில்கேனியா ஊர்ப் பழங்குடிச் சிறுவர்கள் ஏற்கெனவே பாடியிருந்த பாட்டை எடுத்து, டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலோடும் அவர்கள் குரலோடும் வைத்து, நடுவில் தன் பத்தியைச் சேர்த்தார். ஆற்றில் குதிப்பது, மீன் பிடிப்பது என்று அந்தப் பையன்கள் தங்கள் ஊரைத் தாங்களே பாடுகிறார்கள். வில்கேனியா மாப் என்று குழுவின் பெயரும் பாட்டோடு போகிறது. ஆல்பத்திலேயே மிக நிதானமான இந்தப் பாட்டில் மாயா விருந்தாளி. அந்த இடம் அவருக்கு நன்றாகப் பொருந்துகிறது. ‘ஹஸல்’ பாட்டில் நைஜீரிய வம்சாவளி லண்டன் ராப்பர் ஆப்ரிக்கன் பாய்க்கு விட்டுக்கொடுத்த இடமும் அப்படித்தான்.

மாயா யாரை மணக்க இருந்தார், எந்த மாதிரி வீட்டில் வாழ்ந்தார் என்று பின்னாளில் வந்த விமர்சனங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அகதியாக வந்தவர் கடைசிவரை ஏழையாக இருந்தால்தான் பேச உரிமை என்பது கொடுமையான எதிர்பார்ப்பு.

2009இல் நடந்ததை விட்டுவிட்டு இந்த ஆல்பத்தை எடைபோட முடியாது. ‘பேப்பர் பிளேன்ஸ்’ கிராமிக்குப் பரிந்துரையாகி, ரஹ்மானோடு செய்த பாட்டு ஆஸ்கருக்கும் பரிந்துரையான அந்த மாதங்களில்தான் வன்னியில் லட்சக்கணக்கான மக்கள் சிக்கிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, அங்கே நடப்பது இனப்படுகொலை என்று அவர் சொன்னார். அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தது இந்த ஆல்பம்தான். பாட்டில் ஒரு பெயராக ஓடிப்போன ஊரைப் பற்றி, பாட்டு கொடுத்த புகழை வைத்துப் பேசினார். போரை அது நிறுத்தவில்லை. ஆனால் அந்த வாரங்களில் நமக்காக அப்படிப்பட்ட மேடைகளில் பேச வேறு யார் இருந்தார்கள் என்று யோசித்தால், ஆல்பத்தின் வரிகளில் எனக்குள்ள குறைகளைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: ஒதுக்க வேண்டாம், கேளுங்கள், ஆனால் வரிசையை மாற்றிக் கேளுங்கள். முதலில் ‘பேர்ட் ஃப்ளூ’, அடுத்து ‘பாய்ஸ்’, பிறகு ‘பேம்பூ பாங்கா’. உறுமி காதில் உட்கார்ந்த பிறகு ‘ட்வென்டி டாலர்’, ‘மேங்கோ பிக்கிள்’. எல்லோருக்கும் மனப்பாடமான ‘பேப்பர் பிளேன்ஸ்’ அதற்கு மேல் வரட்டும். கடைசிப் பாட்டான ‘கம் அரவுண்ட்’ டிம்பலாண்டோடு பின்னால் செய்தது; விசா கிடைத்திருந்தால் ஆல்பம் முழுவதும் எப்படி ஆகியிருக்கும் என்பதற்கு அது மாதிரி. பளபளப்பான பீட், பெண்ணைக் கூடாரத்துக்கு அழைக்கும் ஆணின் சலிப்பூட்டும் ராப். அதைத் தவிர்த்துவிட்டால் நஷ்டமில்லை. ஆனால் ‘பேர்ட் ஃப்ளூ’ முடிந்த கையோடு ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். உறுமி இல்லாமல் இந்த ஆல்பம் எவ்வளவு சாதாரணமாக ஆகியிருக்கும் என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.